ராஜாவின் பெயரில் ஒரு காசோலை

வங்கியில் போடுகிற செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கிற செக், ஊர் எல்லையில் லாரிகளை மறிக்கிற செக் போஸ்ட், வயதானால் வருடத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளச் சொல்கிற செக்கப், ஜவுளிக் கடையில் எடுக்கிற செக் சட்டை. இவை ஐந்தும் வெவ்வேறு சொற்கள் போலத்தான் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது வங்கிச் செக்குக்கு எழுத்துக்கூட்டே வேறாக இருப்பதால், அதைத் தனிச் சொல் என்று நன்றாக ஆங்கிலம் படித்தவர்கள்கூட நினைப்பதுண்டு. உண்மையில் எல்லாமே ஒரே சொல். அது ஆங்கிலத்தில் பிறந்த சொல்லும் இல்லை. பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா'தான் இப்படித் திரிந்து வந்திருக்கிறது.

அகராதிகள் இந்தச் சொல்லின் பொருள்களை எண் போட்டு அடுக்குகின்றன: தடுத்தல், அடக்குதல், சரிபார்த்தல், கட்டம், அடையாளச் சீட்டு, உணவக பில், டிக் குறி, காசோலை. அடுக்கிய வரிசையில் படித்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று விளங்குவதில்லை. சதுரங்கம் ஆடும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் விளங்கும். அங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆடுபவர் கொடுக்கும் எச்சரிக்கைக் குரல். மற்றொன்று, இருவருக்கும் நடுவே கிடக்கும் கட்டம் போட்ட பலகை. குரலிலிருந்து ஒரு கிளை பிரிந்தது, பலகையிலிருந்து இன்னொரு கிளை. பல நூற்றாண்டுகள் தனித்தனியே வளர்ந்த இவ்விரு கிளைகளும் காசோலையில் வந்து மறுபடி ஒன்றாகின.

முதலில் குரல். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் 'சதுரங்கம்' என்று இந்தியாவில் வழங்கிய ஆட்டம், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தை வென்றபோது ஆட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. அரபு மொழியில் 'ச்', 'க்' ஒலிகள் பாரசீகத்தில் இருப்பதுபோல் இல்லாததால் பெயர் 'ஷத்ரஞ்ச்' என்று மாறியது. ஸ்பெயின், சிசிலி வழியாகப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டி அது ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. போகும்போது ஆட்டச் சொற்களையும் கூடவே கொண்டு போனது.

எதிராளியின் அரசனைத் தாக்கும்படி காயை நகர்த்தினால் 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பது பாரசீக ஆட்டக்காரர்களின் வழக்கம். உன் அரசனைப் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். அரசனுக்குத் தப்ப வழியே இல்லாதபோது 'ஷா மாத்'. இதற்கு 'அரசன் இறந்தான்' என்று பொருள் சொல்லும் விளக்கம் பரவலாக இருக்கிறது. அரபு மொழியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்று பொருள் வருவதால் எழுந்த விளக்கம் அது. பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்து, வழியற்று, செயலிழந்து நிற்பது. எனக்கு இந்த இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆட்டமே அதற்குச் சாட்சி: சதுரங்கத்தில் எந்தக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் யாரும் வெட்டிப் பலகையிலிருந்து எடுப்பதில்லை. அவன் நகர இடமில்லாமல் நிற்கும் அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. இந்த 'மாத்'தான் ஆங்கிலச் 'செக்மேட்'டின் பின்பாதி. நண்பன் என்ற பொருளில் வரும் 'மேட்' ஜெர்மானிய வழி வந்த வேறு சொல். செக் குடியரசின் பெயருக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை, அது ஓர் இனத்தின் பெயர்.

'ஷா'வையும் இன்னும் கொஞ்சம் பின்னோக்கித் தொடரலாம். டேரியஸ் போன்ற பழைய பாரசீகப் பேரரசர்கள் தங்கள் கல்வெட்டுகளில் தங்களை 'க்ஷாயதிய' என்று குறித்துக்கொண்டார்கள். அது தேய்ந்துதான் 'ஷா' ஆனது. ஆளுதல் என்ற பொருள் கொண்ட அதன் வேர்தான் சமஸ்கிருதத்தில் 'க்ஷத்ர' என்றும், அதிலிருந்து 'க்ஷத்திரியர்' என்றும் வளர்ந்தது. ஆக, நாம் சத்திரியர் என்று எழுதுவதும் செக் என்று எழுதுவதும் தூரத்து உறவுகள்.

பழைய பிரெஞ்சு மொழி 'ஷா'வை 'எஷெக்' ஆக்கியது. அதன் பன்மை 'எஷெக்ஸ்'. ஒருமை ஆங்கிலத்துக்கு வந்து 'செக்' ஆனது, பன்மை 'செஸ்' ஆனது. செஸ் என்ற பெயருக்கு நேர்ப் பொருள் 'அரசர்கள்' என்பதுதான். ரஷ்யர்கள் 'ஷாக்மதி' என்று 'ஷா மாத்' முழுவதையும் ஆட்டத்தின் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் அரபுகளின் 'ஷத்ரஞ்ச்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டதால், இந்தியப் பெயர் ஐரோப்பாவின் அந்த மூலையில் மட்டும் உருமாறி உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலத்தில் பதினான்காம் நூற்றாண்டு முதலே 'செக்' ஆட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. திடீர்த் தடை, எதிர்பாராத பின்னடைவு என்ற பொருள்கள் முதலில் வந்தன. சதுரங்கம் ஆடியவர்களுக்கு இதன் நியாயம் உடனே தெரியும். செக் வைக்கப்பட்ட அந்தக் கணத்தில் ஆடுபவருக்கு வேறு எந்தச் சுதந்திரமும் கிடையாது. பத்து நகர்வுகளுக்கு முன்பே போட்டு வைத்த திட்டமாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருந்த எல்லாமே நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தம்தான் சொல்லின் உயிர். கோபத்தை அடக்குவது, குதிரையைக் கடிவாளத்தால் இழுத்துப் பிடிப்பது, பனி ஹாக்கியில் எதிராளியை உடம்பால் மறிப்பது, அமெரிக்க அரசியல் சட்டத்தில் அரசின் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பின் அதிகாரத்துக்குப் போடும் தடை என எல்லாம் இதிலிருந்தே வந்தவை. நம் செக் போஸ்ட்டும் இந்தக் கிளைதான்.

சரிபார்த்தல் என்ற பொருள்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. நிறுத்துவதற்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? விடை கணக்கு எழுதும் இடங்களில் கிடைக்கிறது. பணம் கையாளுகிறவர் ஒரு கணக்கு எழுதுவார். அவர் கை நீளாமல் இருக்க இன்னொருவர் அதே கணக்கைத் தனியாக எழுதுவார். இரண்டாவது ஏடு முதல் ஆளுக்கு ஒரு தடை, அதாவது ஒரு 'செக்'. ஆங்கிலேயக் கடற்படையின் கப்பல் கட்டும் தளங்களில் தொழிலாளர்களின் வருகையையும் கூலியையும் பதிந்து கண்காணிக்க ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய பதவிப் பெயரே 'செக்கின் எழுத்தர்' என்பதுதான். தடைக்காக வைத்த இரண்டாவது ஏட்டை முதல் ஏட்டோடு ஒப்பிட்டால்தான் தடை வேலை செய்யும். அப்படி ஒப்பிடும் செயலே நாளடைவில் செக் என்று பெயர் பெற்றது. சந்தேகத்தில் பிறந்த சொல் என்பதால், செக் பண்ணிப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது இன்றும் அதில் லேசான அவநம்பிக்கையின் வாடை இருக்கிறது.

இதற்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பெட்டியை ஒப்படைத்து வாங்கும் அடையாளச் சீட்டு, பார்த்தாயிற்று என்பதற்குப் போடும் டிக் குறி, அமெரிக்க உணவகத்தில் கொடுக்கும் பில், விடுதியிலும் விமான நிலையத்திலும் செய்யும் செக்-இன், மருத்துவச் செக்கப் எல்லாம் சரிபார்த்தலின் பிள்ளைகள்.

இனிப் பலகைக்கு வருகிறேன். இந்தக் கிளையைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன். ஒரு நாட்டின் நிதி நிர்வாகம் ஒரு மேசை விரிப்பிலிருந்து பெயர் பெற்றது என்பது சொல் வரலாறு தரும் மிக அழகான செய்திகளில் ஒன்று.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே' என்று பெயர். இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி அரசாண்ட காலத்தில் (1100–1135) மாவட்டங்களில் மன்னரின் வரவுகளை வசூலித்த ஷெரீஃபுகள், ஆண்டுக்கு இரு முறை, ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டியும், கணக்குக் கொடுக்க வர வேண்டும். அவர்கள் வந்து உட்காரும் மேசையை, அரசுப் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய நூல் ஒன்று விரிவாக விவரிக்கிறது. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வது போன்ற நூல் அது. மேசையின் நீளம் சுமார் பத்து அடி, அகலம் ஐந்து அடி. வைத்தது எதுவும் உருண்டு கீழே விழாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் தவணையில் புதிதாக வாங்கிய கறுப்புத் துணி. துணியில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளி விட்டுக் கோடுகள்.

கோடுகளுக்கு நடுவே உள்ள பத்திகளுக்கு மதிப்பு உண்டு. வலது ஓரத்தில் பென்ஸ், அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு ஷெரீஃப் 243 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்ஸ் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு பவுண்டுப் பத்தியில் இரண்டு வில்லைகள், இருபதில் இரண்டு, பவுண்டில் மூன்று, ஷில்லிங்கில் ஏழு, பென்ஸில் ஐந்து. கட்ட வேண்டியதை மேல் வரிசையில் வைப்பார்கள். கட்டியதைக் கீழ் வரிசையில் வைப்பார்கள். கீழே இருப்பதற்கு ஈடாக மேலே இருந்து எடுத்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது பாக்கி. அன்று ஐரோப்பாவில் எழுதப் பயன்பட்டவை ரோமானிய எண்கள். அவற்றை வைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும் பாடு. பூஜ்யம் என்ற குறி இல்லாத குறையை, வில்லை வைக்காமல் காலியாக விட்ட பத்தி தீர்த்து வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபும் தன் கண்ணாலேயே கணக்கைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அரசு பணம் வாங்கும் முறை அத்தனை பேர் பார்வையிலும் திறந்திருந்தது என்பதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன்.

இதற்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் என்று அந்த நூலில் மாணவர் கேட்கிறார். பலகையின் வடிவம் போல இருப்பதால் என்கிறார் ஆசிரியர். அதோடு விடவில்லை. சதுரங்கத்தில் இரு அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

'எஷெக்கியே' ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் முதல் 'எஸ்' ஒலியை லத்தீன் முன்னொட்டான 'எக்ஸ்' என்று தவறாக நினைத்து 'எக்ஸ்செக்கர்' என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பிழை நிலைத்துவிட்டது. பிரிட்டனின் நிதி அமைச்சருக்கு இன்றும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்றுதான் பதவிப் பெயர். பிரிட்டிஷ் பிரதமருக்கென 1921 முதல் இருந்துவரும் நாட்டுப்புற மாளிகையான செக்கர்ஸ், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எக்ஸ்செக்கரில் பணியாற்றிய ஒருவரின் உடைமையாக இருந்ததால் அந்தப் பெயரைப் பெற்றதாகக் கருதப்படுகிறது.

அந்த மேசைக்குத் துணையாக இன்னொரு பொருள் இருந்தது. அது இல்லாமல் காசோலையின் கதை முழுமை பெறாது. பணம் கட்டியதற்கு ரசீதாக ஒரு மரக்குச்சியைக் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஹேசல் மரம். நீளம் ஏறக்குறைய ஒரு சாண். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமன் அளவு வெட்டு, நூறுக்குக் கட்டை விரல் அகலம், இருபதுக்குச் சுண்டு விரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு, ஒரு பென்னிக்கு மரம் எதுவும் உதிராமல் ஒரே ஒரு கீறல். வெட்டியபின் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பணம் கட்டியவருக்கு, மறு பாதி அரசுக்கு. பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். மரத்தின் ரேகையும் வெட்டும் பொருந்தினால் கணக்கு உண்மை. யாரும் தன் பாதியில் மட்டும் ஒரு வெட்டைக் கூடுதலாகச் சேர்த்து ஏமாற்ற முடியாது. காகிதச் சீட்டில் நாம் 'அடிக்கட்டை' என்று சொல்கிறோமே, அந்த ஏற்பாட்டின் ஆதி வடிவம் உண்மையிலேயே கட்டையாகத்தான் இருந்தது.

இந்தக் குச்சிகள் அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது 1826ல். எட்டு ஆண்டுகள் கழித்து, குவிந்து கிடந்த பழைய குச்சிகளை லண்டன் பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கிகள் சூடேறித் தீப்பிடித்து, 1834 அக்டோபர் 16 இரவு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எரிந்து போயின. இன்று தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடம் அந்தத் தீக்குப் பிறகு எழுப்பியது.

பலகையிலிருந்து கிளைத்த இன்னொரு பொருள் கட்டம் போட்ட துணி. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சென்னை வட்டாரத்திலும் ஆந்திரக் கரையோரத்திலும் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, 'மெட்ராஸ்' என்ற ஊர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் விற்றது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அது பெருமளவில் போனது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குகளிலும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய பெண்கள் துணியின் கட்டங்களில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுத்து, நெய்தவர் நினைத்தே பார்த்திராத புதிய கோலங்களை உண்டாக்குகிறார்கள். துணியும் பலகையும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது ஆங்கிலத்தின் தனிச் சிறப்பு இல்லை. தமிழிலும் 'கட்டம்' என்பது சதுரங்கத்துக்கும் லுங்கிக்கும் ஜாதகத்துக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. மாமல்லபுரத்தில் 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையின் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். எந்த விளக்கமும் இல்லாமலே ஊருக்கு அது சதுரங்கம் என்று புரிந்தது.

இப்போது காசோலை. இன்றும் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலக் காசோலைகளில் ஒன்று 1659ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிக்கோலஸ் வனாக்கர் என்பவர், டெல்போ என்பவருக்கு 400 பவுண்டு கொடுக்கும்படி கிளேட்டன், மோரிஸ் என்ற லண்டன் வங்கியாளர்களுக்குக் கையால் எழுதிக் கொடுத்த ஓலை. அன்று அதற்குச் செக் என்ற பெயர் இல்லை. இத்தகைய ஓலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் மோசடியும் எளிது. எனவே பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1717ல் எண் இட்ட அச்சுப் படிவங்களைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் நேரில் போய்க் காசாளரிடம் அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கியில் தங்கும் பகுதி, வெளியே போகும் பகுதியைச் சரிபார்க்க உதவும் தடை. அதாவது நாம் முன்பு பார்த்த அதே 'செக்'. முதலில் அடிக்கட்டைக்கும் அடையாளத்துக்கும் வழங்கிய பெயர், நாளடைவில் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே ஒட்டிக்கொண்டது.

எனவே வங்கிச் செக் குரலின் கிளையில் பிறந்தது. எழுத்துக்கூட்டு மட்டும் பலகையின் கிளையிலிருந்து வந்தது. தடை, சரிபார்ப்பு என்ற பொருள்களோடு குழப்பம் வராமல் இருக்கவும், அரசுக் கருவூலமான எக்ஸ்செக்கருக்கு ஒத்துப் போகவும் 'கியூ' எழுத்து போட்ட வடிவமே நல்லது என்று வங்கியாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் 1828ல் எழுதினார். அப்போது பலரும் சாதாரண எழுத்துக்கூட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டன் கில்பார்ட் சொன்ன வழியில் போனது. அமெரிக்கா போகவில்லை. இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் வடிவத்தைப் பின்பற்றுவதால் நம் வங்கித் தாள்களில் இன்றும் அதுவே இருக்கிறது. தமிழ் எழுத்தில் இந்தப் பிரிவினைக்கே இடமில்லை, இரண்டும் 'செக்'தான். ஜெர்மன் மொழி சதுரங்கத்தை 'ஷாக்' என்று பழைய வழியில் வைத்துக்கொண்டு, காசோலையை ஆங்கிலத்திடமிருந்து 'ஷெக்' என்று தனியாக வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களும் தாங்கள் ஒரு காலத்தில் கொடுத்த சொல்லை வேறு உருவில் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

காசோலை என்ற சொல் அரபு மொழியின் 'ஸக்' என்பதிலிருந்து வந்தது என்ற கருத்தும் அடிக்கடி எழுதப்படுகிறது. 'ஸக்' என்பது எழுத்து மூலமான பத்திரம். பழைய பாரசீகச் சொல்லான 'சக்' அதன் மூலம். அரபு வணிகர்கள் அத்தகைய பத்திரங்களை உண்மையாகவே பயன்படுத்தினார்கள். பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் சகாரா வணிகப் பாதையில் 42,000 தினாருக்கான ஒரு 'ஸக்'கைக் கண்டதாக எழுதியிருக்கிறார். காசோலை என்னும் ஏற்பாட்டுக்கு அரபு வணிகத்தில் முன்னோடி உண்டு என்பதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லின் தடம் அங்கே போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் அடிக்கட்டையிலிருந்து தாளுக்குப் பெயர் நகர்ந்ததை ஆவணங்களிலேயே பார்க்க முடிகிறது. ஒலி ஒற்றுமை மட்டும் சொல் உறவுக்குச் சான்றாகாது.

சொல்லைப் பெற்றெடுத்த பாரசீக மொழியில் இப்போதைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். ஈரானில் இன்று சதுரங்கம் ஆடுகிறவர்கள் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று சொல்வதில்லை, 'கீஷ்' என்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் 'கீஷ் மாத்'. வங்கிக் காசோலைக்கு அங்கேயும் 'செக்'தான்.